ஊர்க்குறிப்பில் நான் விட்ட வரி

“உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்கள்லக்கா?”

செல்வராணி தொலைபேசியில் என்னிடம் இதைக் கேட்டு ஒன்றரை ஆண்டு ஆகிறது. சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. “ஆமாம்” என்று சொல்வேன் என்ற நம்பிக்கையில், பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். நானோ, “பாப்பா இப்ப நல்லா சாப்படறாளா?” என்று பேச்சை மாற்றினேன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரையை எழுதி முடிப்பதற்குள் கிடைக்கலாம் என்று நினைத்துத்தான் ஆரம்பிக்கிறேன்.

எனக்கு முப்பத்தைந்து வயது. ஒன்பது ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டுச் சென்ற ஆண்டு விட்டுவிட்டேன். “ரிட்டயர்டு மேடம், டீ கிடைக்குமுங்களா?” என்று என் கணவர் கேலி செய்வார். மகளைப் பள்ளியில் சேர்த்ததால் வேலையை விட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

போன மாதம் என் இடத்தில் இப்போது இருக்கும் ரிஃபானா என்ற பெண் ஒரு குரல் செய்தி அனுப்பினாள். “அக்கா, நீங்க ஒரு ஷீட் எழுத நாலு நாள் எடுப்பீங்கன்னு சொல்றாங்க. இப்ப கம்ப்யூட்டரே அரை நிமிஷத்துல எழுதிக் குடுத்துடுது. நான் சும்மா படிச்சுப் பாத்து அனுப்பணும், அவ்வளவுதான் டியூட்டி. ஆனா எதைப் பாக்கணும்னே தெரியலக்கா. நீங்க எப்படி எழுதுவீங்கன்னு எனக்கு எழுதித் தாங்களேன்.” அவளுக்காக எழுதத் தொடங்கியதுதான் இது. எழுத எழுத வேறு இடத்துக்குப் போய்விட்டது.

அலுவலகம் பர் துபாயில், மீனா பஜாரில் ஒரு சேலைக் கடைக்கு மேலே இருந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் நர்ஸ்கள், டெக்னீஷியன்கள் ஆகியோரின் குடும்பங்களை இங்கிலாந்துக்கு அனுப்புவது எங்கள் தொழில். விசா, ஆங்கிலத் தேர்வு எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் எழுதுவது ‘ஏரியா ஷீட்’. ஒரு குடும்பத்துக்கு எந்த ஊரில் வேலை கிடைத்திருக்கிறதோ அந்த ஊரைப் பற்றி நான்கு பக்கக் குறிப்பு. பள்ளி எங்கே, பஸ் எப்படி, எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம், வெண்டைக்காய் கிடைக்குமா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

நான் இங்கிலாந்தைப் பார்த்ததே இல்லை. புவியியலில் எம்.ஏ. படித்துவிட்டுத் திருமணமாகி ஷார்ஜா முவைலாவுக்கு வந்தவள். முதல் ஆறு மாதங்கள் நகராட்சிகளின் இணையப் பக்கங்களைப் படித்தேன், ரயில் அட்டவணை பார்த்தேன், கணினி வரைபடத்தில் தெருத்தெருவாக நடந்தேன். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான். ஒரு தெருவில் குப்பைத்தொட்டிகள் என்ன நிறத்தில் இருக்கின்றன என்பதைக்கூட நான் சொல்வேன். அந்தத் தெருவில் என்ன வாசம் அடிக்கும் என்று கேட்டால் தெரியாது.

எங்கள் மேலாளர் காயல்பட்டினத்துக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்று அழைப்பார்கள். அலுவலகத்தில் வரவேற்பில் இருந்த பிலிப்பினோ பெண் உட்பட எல்லோருக்குமே அவர் காக்காதான். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஷீட்டைத் திரையில் படிக்க மாட்டார். தாளில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். பாலில்லாத சுலைமானி டீ டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நின்றபடியே படிப்பார். கையில் ஒரு கண்ணாடி ரூலர். அதை வரிக்குக் கீழே வைத்து அந்த வரியை வாய்விட்டுப் படிப்பார். சரி என்றால் ரூலர் அடுத்த வரிக்கு இறங்கும். சரியில்லை என்றால் ரூலர் நின்றுவிடும், அவர் நம்மைப் பார்ப்பார்.  அந்த வரியை மாற்றியாக வேண்டும்.

ஒருமுறை ‘மிதமான குளிர்’ என்று எழுதியிருந்தேன். ரூலர் நின்றது.

“கோகிலாம்மா, மிதமான குளிருண்டா என்னமா?”

“அது வந்து... ரொம்பக் குளிராதுங்க காக்கா.”

“ஏஸியப் பதினாறுல வச்சி, ஃபேனையும் போட்டுட்டு, ஈரத் துணியோட நிக்கிற குளிருண்டு எழுதுங்கோ. படிக்கிற ஆளுக்கு ஒடம்பு நடுங்கணும்.”

அவருடைய முக்கியமான சட்டம் முதல் வரியைப் பற்றியது. முதல் வரியிலேயே ஊர் மனதில் நிற்க வேண்டும். அதற்காக ஒவ்வோர் ஆங்கில ஊருக்கும் இங்கே உள்ள ஓர் ஊரை ஒப்பிட்டு எழுதுவோம். ‘இது முவைலா மாதிரி, புதுக் கட்டடங்கள், பள்ளிகள் அதிகம்.’ ‘இது பர் துபாய் மாதிரி, பழைய இடம், நம் கடைகள் உண்டு.’ எம்.ஏ. படித்த எனக்கு முதலில் இது கூச்சமாக இருந்தது. ஆனால் அந்த வரியைப் படித்ததும் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகம் தெளிவதைப் பார்த்த பிறகு நானே ரசித்து எழுத ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டாவது சட்டம்தான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. ஆலை, தொழிற்சாலை, புகைபோக்கி என்ற பேச்சே ஷீட்டில் வரக்கூடாது. காரணம் இங்கே இருப்பவர்களுக்குப் புரியும். இண்டஸ்ட்ரியல் ஏரியா என்றால் நம் ஆட்களுக்குத் தொழிலாளர் கேம்ப், ஒரு ரூமில் அடுக்கடுக்காகக் கட்டில்கள், விடியற்காலையில் சைட்டுக்குப் போகும் பஸ். குடும்பம் வைக்கிற இடம் இல்லை. ஒருமுறை, முன்பு எஃகு ஆலை இருந்த ஓர் ஊரைப் பற்றி நான் எழுதிய ஷீட்டைப் படித்துவிட்டு ஒருவர், “பொண்டாட்டி புள்ளையக் கூட்டிக்கிட்டு திரும்பவும் கேம்ப்புக்கா போறது?” என்று பாதியில் எழுந்து போய்விட்டார். ஆலை மூடி நாற்பது வருடம் ஆகிவிட்டது என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. காக்காவும் முதலில் வந்தபோது கேம்ப்பில்தான் இருந்தாராம். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை.

இனி அந்த ஊர். வடக்கு இங்கிலாந்தில் இருக்கிறது. நம் குடும்பங்கள் இன்னும் அங்கே இருப்பதால் பெயரை எழுதவில்லை. ஆலையூர் என்று வைத்துக்கொள்ளலாம். நகரமும் அதைச் சுற்றிய ஐந்தாறு சிற்றூர்களும் சேர்ந்த ஒரு நகராட்சி. பள்ளத்தாக்கில் ஓர் ஆறு, அதற்குப் பக்கத்திலேயே வெட்டிய கால்வாய், மேலே மரமில்லாத புல் மேடு. ஒரு காலத்தில் பஞ்சு கப்பலில் வந்திறங்கி, கால்வாய் வழியாகப் படகில் வந்து, அங்கே நூலாகித் துணியாகிச் சாயம் ஏறி உலகத்துக்கெல்லாம் போயிருக்கிறது. இப்போது ஓர் ஆலை அடுக்குமாடி வீடாகிவிட்டது, இன்னொன்றில் மெத்தைக் கடை. ஆலைத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, மேட்டில் படிப்படியாக ஏறிப்போகும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சிறு முற்றம்.

அந்த ஊரில் வெண்டைக்காயும் பச்சை மிளகாயும் கிடைக்கும். எப்படி? இரவு ஷிப்டுக்கு ஆள் போதாமல் பாகிஸ்தானிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆட்களை வரவழைத்தார்கள். அவர்கள் குடும்பங்களை அழைத்துக்கொண்டார்கள், கடை வைத்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள். ஆலை இல்லாவிட்டால் அங்கே வெண்டைக்காய் ஏது? நான் ஆலையை அடித்துவிட்டு வெண்டைக்காயை மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த ஊரின் கதையையே எடுத்துவிட்டு ஊரைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

முதல் வரைவில் நான் ஆலைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். சட்டம் தெரிந்தும் ஏன் எழுதினேன் என்றால், நான் திருப்பூர்க்காரி. அந்த நகராட்சியின் அறிக்கையில் சாயப்பட்டறை என்று பார்த்ததும் விடவில்லை. முழுவதும் படித்தேன். அந்தப் பத்தியின் கடைசி வரி இது: ‘பழைய சாயப்பட்டறைகளும் எரிவாயு ஆலையும் இருந்த நிலத்தில் கட்டிய சில தெருக்களில், மண்ணில் நேரடியாகக் காய்கறி, கீரை வளர்க்க வேண்டாம், தொட்டியில் வளர்க்கவும், சிறு குழந்தைகள் மண்ணில் விளையாடினால் கை கழுவிவிடவும் என்று நகராட்சி சொல்கிறது.’

அன்று மாலை ஐந்து மணிக்கு மேல் காக்கா படிக்க ஆரம்பித்தார். என் மகள் தாராவுக்கு அப்போது எட்டு மாதம். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு மலையாளச் சேச்சியிடம் விட்டுவிட்டு வருவேன். ஆறரைக்குள் போய்த் தூக்காவிட்டால் அவருக்கு முகம் வாடிவிடும். குபைபா பஸ் நிலையத்தில் ஷார்ஜா வரிசை எவ்வளவு நீளம் என்பதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ரூலர் இரண்டாம் பக்கத்தில் நின்றது. காக்கா அந்தப் பத்தியின் முதல் வரியை மட்டும் படித்தார். ரூலரைச் சாய்த்து, மூலைக்கு மூலை பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். அடுத்து ஒரு கேள்வி கேட்டார்.

“இதுல வேற எதுவும் முக்கியமா இரிக்காம்மா?”

“இல்லைங்க காக்கா,” என்றேன்.

அந்த வரியை ‘வீடு’ என்ற தலைப்பின் கீழ் மாற்றிப் போட ஒரு நிமிடம் போதும். அதில் ஆலை என்ற சொல்கூட வந்திருக்க வேண்டாம். இங்கிருந்து போகிறவர்கள் யார் தோட்டம் போடப்போகிறார்கள் என்று அப்போது நினைத்தேனா? பால்கனியில் துணி காயப்போடக்கூட அனுமதி இல்லாத கட்டடங்களில் வாழ்கிறவர்கள்தானே என்று நினைத்திருக்கலாம். நினைத்ததாக இப்போது கற்பனை செய்துகொள்கிறேனோ என்னவோ. பஸ் நினைவு மட்டும் உறுதியாக இருக்கிறது.

பிறகு ஒரு நாள் செல்வராணியும் அவள் கணவர் பாண்டியும் வந்தார்கள். இருவரும் சிவகங்கைப் பக்கம். அவள் அஜ்மானில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், தினமும் அஜ்மானிலிருந்து துபாய்க்கு வந்துபோவார். அவளுக்கு ஆலையூர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. மடியில் கனி, ஆறு மாதக் குழந்தை. நான் ஷீட்டின் முதல் வரியைப் படித்துக் காட்டினேன்: ‘இது அஜ்மான் மாதிரி; வாடகை குறைவு, பெரிய நகரத்துக்கு ரயிலில் தினமும் போய்வரலாம்.’

பாண்டி சிரித்துவிட்டார். “பாத்தியா? அங்கயும் நமக்கு அஜ்மான்தானா. மேடம், அங்க டிராஃபிக்காச்சும் இல்லாம இருக்குமா?”

“நீ பஸ்ஸுல தூங்குற ஆளு. டிராஃபிக் இருந்தா ஒனக்கென்ன?” என்றாள் செல்வராணி.

“மேடம், வீடெல்லாம் எப்படி? ஃபிளாட்டா?”

“இல்லைங்க. தனி வீடு மாதிரியேதான், மாடியோட. பின்னாடி ஒரு சின்ன முற்றம்கூட இருக்கும்.”

“சிமெண்ட்டா, மண்ணா?”

“மண்ணும் இருக்கும்னு நினைக்கறேன்.”

“எவ்வளவு இருக்கும்?”

“ரெண்டு கட்டில் போடற அளவு.”

அவர் மனைவியைப் பார்த்தார். “பத்து வருசமா லிஃப்ட் குழிக்குள்ளயே கெடக்கேன் மேடம். ரெண்டு கட்டில் அளவு மண்ணு போதும். புதினா போடுவேன், வெந்தயம் போடுவேன்.”

“மொதல்ல ஃபிளைட்ட ஏறு. வெந்தயம் அப்பறம் போடலாம்,” என்றாள் அவள்.

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அந்த நொடிக்குத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். அவர் “புதினா” என்று சொன்னபோது அடித்துவிட்ட அந்த வரி எனக்கு நினைவு வந்ததா? வரவில்லை என்று நூறு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு சிறு உறுத்தல் வந்ததாகவும், இவ்வளவு சந்தோஷத்தில் எதற்கு என்று அதைத் தள்ளிவிட்டதாகவும் சில நாட்களில் தோன்றுகிறது. அந்த உறுத்தல் அன்றே வந்ததா, பின்னால் நானே அங்கே கொண்டுபோய் வைத்தேனா? தெரியவில்லை. செல்வராணியின் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாததும் இதனால்தான்.

அதோடு விட்டேனா? அவர்கள் போன பிறகு, வருகிறவர்களுக்கு முற்றம் என்றால் பிடிக்கிறது என்று புரிந்துகொண்டு, ஷீட்டில் ஒரு வரியைச் சேர்த்தேன்: ‘பின்புறம் சிறு முற்றம், செடி வளர்க்க ஏற்றது.’ ரூலர் அந்த வரியில் நிற்கவில்லை. “நல்லா இரிக்கிது,” என்றார் காக்கா.

அவர்கள் நான் எழுதிக்கொடுத்த மூன்று தெருக்களில் ஒன்றிலேயே வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். போன பிறகும் செல்வராணி தொடர்பை விடவில்லை. அவளுக்கு மேடமாக இருந்த நான் அக்கா ஆனேன். கனி நடக்கப் பழகியது, பாண்டி முற்றத்தைக் கொத்தியது, புதினா பிடித்தது என்று படமாக வரும். ஒரு படத்தில் கனி வாயைச் சுற்றி மண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தாள். ‘மண்ணு தின்னி மகாராணி’ என்று செல்வராணி கீழே எழுதியிருந்தாள். நான் சிரிக்கும் பொம்மைகள் மூன்று அனுப்பினேன். அப்போது நிச்சயமாக அந்த வரி நினைவில் இல்லை. இருந்திருந்தால் சிரித்திருப்பேனா?

அதே கோடையில், ஷார்ஜாவுக்கு வந்த ஒருவரிடம் ஒரு டப்பா புதினாப் பொடி கொடுத்தனுப்பினாள். முற்றத்துப் புதினா, அவளே காயவைத்து, உளுந்தும் மிளகாயும் சேர்த்து அரைத்தது. தாராவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. எதையும் எளிதில் சாப்பிடாத பிள்ளை, தோசைக்கு “பச்சைப் பொடி” கேட்பாள். மூன்று வாரம் ஊட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் செல்வராணியின் அழைப்பு வந்தது. சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன், மிக்ஸியை நிறுத்திவிட்டுப் பேசினேன். கனி வெளுத்துப்போய்ச் சோர்ந்திருக்கிறாள் என்று டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். மண் தின்கிறாள் என்று சொன்னதும் அவர் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்திருக்கிறது. நகராட்சி ஆட்கள் வீட்டுக்கு வந்து மண், குழாய்த் தண்ணீர், மாடிப்படியின் பழைய பெயிண்ட் எல்லாவற்றையும் எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். தண்ணீர் சுத்தம். மண்ணிலும் இருந்தது, பெயிண்டிலும் இருந்தது. எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாதாம்.

“நான் நர்ஸுக்கா. அடுத்தவங்க பிள்ளைக்கு ஊசி போட்டுட்டு, எம்புள்ள மண்ணத் திங்கிறத ஃபோட்டோ எடுத்து உங்களுக்கே அனுப்பியிருக்கேன். எங்க மாமியா கேக்குறாக, ஒரு புள்ளையப் பாத்துக்க முடியாத நீ என்ன நர்ஸுன்னு. சரியாத்தான கேக்குறாக?”

“அப்படியெல்லாம் இல்லை செல்வி.”

“அங்க முன்னாடி சாயப்பட்டற இருந்துச்சாம்க்கா. நகராட்சிக்காரவுக வந்துதான் சொல்றாக. யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்கள்லக்கா?”

அப்போதுதான் நான் பாப்பாவின் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன்.

அடுத்த வேலை நாளிலேயே தாராவை முவைலாவில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிப்போய் ரத்தம் எடுக்கச் சொன்னேன். எதற்கு இந்தச் சோதனை என்று டாக்டர் கேட்டதற்கு, பழைய வீட்டுப் பெயிண்ட் என்று பொய் சொன்னேன். எங்கள் கட்டடத்துக்கு ஆறு வயதுகூட ஆகவில்லை. தாராவுக்கு ஒன்றும் இல்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். என் பிள்ளைக்காக உடனே ஓடத் தெரிந்த எனக்கு, இன்னொருத்தி பிள்ளைக்காக ஒரு வரியை இடம் மாற்றத் தெரியவில்லை.

அலுவலகத்தில் பழைய வரைவைத் தேடி எடுத்தேன். எந்தக் கோப்பு, எந்தப் பக்கம் என்று கை தானாகப் போனது. நினைவில் இல்லாத வரிக்குக் கை எப்படிப் போகும்? நகராட்சியின் வரைபடத்தையும் மறுபடி பார்த்தேன். பழைய சாயப்பட்டறை நிலத்துக்குப் போட்ட எல்லைக்கோடு அவர்கள் தெருவின் மேலேயே போகிறது. வீடு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் தெரியவில்லை. அடுத்த சில மாதங்களில் எந்த ஷீட்டையும் என்னால் முடிக்க முடியவில்லை. எல்லா வரியிலும் ரூலர் நின்றது, என் மனதில். வேலையை விட்டேன்.

கனிக்கு இப்போது ஈயத்தின் அளவு சோதனைக்குச் சோதனை குறைந்துவருகிறது. முற்றத்தில் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். பேச்சு கொஞ்சம் தாமதம். அது இதனால்தானா, சில பிள்ளைகள் தாமதமாகப் பேசுவது போலவா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

ரிஃபானாவுக்கு வருகிறேன். கணினி எழுதிய ஷீட் ஒன்றை மாதிரிக்கு அனுப்பியிருந்தாள். தற்செயலாக அது ஆலையூர். இன்னொரு குடும்பம் போகிறதாம். எங்கள் பழைய ஷீட்களைக் கொடுத்துத்தான் அதைப் பழக்கினார்களாம். நன்றாகவே எழுதியிருந்தது. முதல் வரி, ‘அஜ்மான் மாதிரி.’ மூன்றாம் பக்கத்தில், ‘பின்புறம் சிறு முற்றம், செடி வளர்க்க ஏற்றது.’ காற்புள்ளிகூட மாறாமல் என் வரி.

நான் வேலையை விட்டேனே தவிர, அந்த வரியை எடுக்கவில்லை. ஓராண்டாக யார் யாருக்குப் போயிருக்கும்?

அன்றே காக்காவை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கனியைப் பற்றி அவருக்கு அதுவரை தெரியாது.  பின்னால் மீனா பஜார் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

“அந்த வரிய இப்பவே போடச் சொல்றேன். முன்னாடி போன குடும்பத்துக்கெல்லாம் ரிஃபானாவ விட்டு ஃபோன் போட்டுச் சொல்லச் சொல்றேன்,” என்றார். பிறகு, “அண்டைக்கி நான் ஒங்களெக் கேட்டேன்லம்மா?”

“கேட்டீங்க. நான் இல்லைன்னு சொன்னேன் காக்கா.”

“நீங்கோ இல்லேண்டு சொன்னியோ. ரூலர் எங்கையிலதானெ இரிந்திச்சி.”

செல்வராணிக்குப் பொதுவாகச் சொன்னால் போதுமா, நான் தெரிந்தே விட்டதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

“அந்தப் புள்ள அந்நிய ஊருல இரிக்கிது. நம்மள நம்பித்தான் போச்சி. அந்த நம்பிக்கையாச்சும் மிஞ்சட்டும்ண்டு தோணுது. ஆனா நான் யாவாரிம்மா. இதுல யாவாரி சொல்றதெக் கேக்காதியோ.”

ரிஃபானா எல்லோரையும் அழைத்துவிட்டாள். செல்வராணியை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் கணவர் சொல்லச் சொல்கிறார். “அந்தப் புள்ள எல்லாத்தையும் தன்ற மேல போட்டுக்கிட்டுக் கெடக்குது. மாமியார்கிட்டப் பேச்சு வாங்குது. எறக்கி வெக்க உன்னாலதான் முடியும்.”

“என்ற மனசு நிம்மதிக்காகப் போய்ச் சொல்ற மாதிரி இருக்காதுங்களா?”

“இருக்கும். சொல்லாம இருந்தாலும் உன்ற நிம்மதிக்குத்தான் இருக்கப்போறே. அப்பறம் என்ன?”

 சொன்னால் அவள் தன்னைக் குற்றம் சொல்வது குறையலாம். என்னை வெறுத்தால் வெறுக்கட்டும், அது நியாயம். ஆனால் அந்நிய ஊரில் கஷ்டம் வந்தால் அவள் முதலில் அழைக்கும் எண் என்னுடையது. அதுவும் போனால் அவள் யாரை அழைப்பாள்? இதை எழுதும்போதே, இதுவும் நான் ஒளிந்துகொள்ளும் இடம்தானோ என்று சந்தேகம் வருகிறது.

முடிவெடுக்க எனக்கு அதிக நாள் இல்லை. செல்வராணி லீவில் ஊருக்குப் போகிறாள். கனியைக் கூட்டிக்கொண்டு வழியில் ஷார்ஜாவில் இறங்கி எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்குவதாகச் சொல்லியிருக்கிறாள். “பொடி தீந்துபோயிருக்கும்லக்கா? புது டப்பா கொண்டாரேன். இது தொட்டியில வளத்த புதினா, பயப்படாம தாராவுக்குக் குடுங்க,” என்றாள். பழைய டப்பா பாதி அப்படியே சமையலறை மேல்தட்டில் இருக்கிறது. என்னால் அதைத் தூக்கிப்போடவும் முடியவில்லை. வரைவுத் தாள், பென்சில் கோட்டோடு, எங்கள் பாஸ்போர்ட்களுக்கு அடியில் இருக்கிறது.

படிக்கிறவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள். வேலையில் இப்படி ஒன்றை விட்டுவிட்டுப் பிறகு சுமந்தவர்களும் இருக்கலாம். நீங்கள் செல்வராணியாக இருந்தால் உங்களுக்குத் தெரிய வேண்டுமா, வேண்டாமா? எனக்கு எழுதுங்கள். சொல்ல வேண்டும் என்பவர்கள் இன்னொரு உதவியும் செய்யுங்கள். பார்க்காத ஊர்களுக்கெல்லாம் ஒன்பது ஆண்டுகள் முதல் வரி எழுதியவள் நான். அவள் வந்து, செருப்பைக் கழற்றி, பிள்ளையை இறக்கிவிட்டு உட்கார்ந்ததும் நான் சொல்ல வேண்டிய முதல் வரி மட்டும் எனக்கு வரவில்லை. அதை எழுதி அனுப்புங்கள்.